உட்சாலை கெட்டால் எங்கே பார்ப்பது? அறிகுறி வாரியாகப் பழுது நீக்கும் வழிமுறை

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சாலைப் பேச்சு எழுந்தால், ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் "மேலே ஒரு கோட் தார் போட்டுவிடலாம்" என்பார். தலைகள் ஆடும், தீர்மானம் நிறைவேறும். இரண்டு மழைக்காலம் போனதும் அதே குழி அதே இடத்தில் வாய் பிளந்து நிற்கும். செலவழித்த பணத்தைவிட எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று: ஏன் உடைந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் உரிமையாளர்கள் சங்கமே உட்சாலைகளைப் பராமரிக்கும் வில்லா குடியிருப்புகளுக்காகவும், உள்வழி கொண்ட அடுக்ககங்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஐந்து முதல் ஏழு மீட்டர் அகலச் சாலை. தார், பேவர் பிளாக், கான்கிரீட் மூன்றில் ஒன்று. உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

சாலை யாருடையது?

வாசலில் கேட் இருப்பதாலும் காவலாளி நிற்பதாலும் சாலை தனியார் சாலை ஆகிவிடாது. மனைப்பிரிவாக அனுமதி பெற்ற இடமென்றால், அது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. எல்லையானாலும், நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. எல்லையானாலும், சாலைகளை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் அது பொதுச் சாலை. செப்பனிடும் பொறுப்பு ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ உரியது. சங்கம் தன் பணத்தைப் போடுவதற்கு முன் அங்கே மனு கொடுக்க வேண்டும். வெட்டுவதற்கும் அவர்களிடம்தான் அனுமதி வாங்க வேண்டும். ஒரே மனையில் கூட்டுக் கட்டுமானமாக அனுமதி பெற்ற வில்லாக்களிலும் அடுக்ககங்களிலும் உள்வழிகள் பொதுவாக உரிமையாளர்களின் கூட்டுச் சொத்தாகவே இருக்கும்.

அனுமதிபெற்ற வரைபடத்தை எடுத்து, சாலை செல்லும் சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இன்னொரு தேதியையும் பாருங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவான திட்டமாக இருந்து, வீடு ஒப்படைத்து 5 ஆண்டுகள் முடியவில்லை என்றால், வேலைத் தரத்தில் உள்ள குறையைச் சொந்தச் செலவில் 30 நாட்களுக்குள் சரிசெய்யும் கடமை கட்டுமான நிறுவனத்துக்கு உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14(3) பிரிவு இதைச் சொல்கிறது. உட்சாலையையும் வடிகாலையும் அதே சட்டம் உள்கட்டமைப்புப் பணிகளில் சேர்க்கிறது. தேதியிட்ட புகைப்படங்களுடன் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது.

மழையில் ஒரு சுற்று

எந்தப் பழுதானாலும், கான்ட்ராக்டரை அழைப்பதற்கு முன் குடை பிடித்துக்கொண்டு சாலை முழுவதும் ஒரு முறை நடக்க வேண்டும். வெயிலில் பார்த்தால் விரிசலும் குழியும் மட்டும்தான் தெரியும். மழையில் பார்த்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தயங்குகிறது, எந்த வீட்டு மாடிக் குழாய் நேராகச் சாலையில் கொட்டுகிறது, எந்த வடிகால் வாயில் தண்ணீர் இறங்காமல் தாண்டி ஓடுகிறது என்பதெல்லாம் தெரியும். கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு சுற்று போய், அப்போதும் தண்ணீர் நிற்கும் இடங்களைப் படத்தில் குறியுங்கள். பிறகு குழிகளின் வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

அறிகுறி: தண்ணீர் தேங்குகிறது

ஓரத்தில் தேங்குகிறதா, நடுவில் தேங்குகிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஓரம் என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். வடிகால் வாயின் கம்பித் தட்டு சாலை மட்டத்தைவிட உயரமாக இருக்கிறதா? வீட்டு வாசலில் புல்தரைக்காகக் கொட்டிய மண் சாலையைவிட மேடாகிவிட்டதா? காரை ஏற்ற உரிமையாளர்கள் போட்ட கான்கிரீட் சரிவு, ஓரத்து நீரோட்டத்தை மறிக்கிறதா? மூன்றாவதுதான் மிக அதிகம். சண்டை வருவதும் அதில்தான். சரிவை இடிக்கச் சொல்ல வேண்டியதில்லை. அதன் அடியில் குழாய் விட்டாலோ, சாலையோரமாக ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிக் கம்பித் தட்டு போட்டாலோ தண்ணீர் போய்விடும். இதைச் சங்கச் செலவில் செய்து கொடுத்தால் எதிர்ப்பும் குறையும்.

நடுவில் தேங்கினால் சாலையின் வாட்டம், அதாவது தண்ணீர் வழியும் சரிவு, போய்விட்டது என்று பொருள். தார்ச் சாலைக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 முதல் 2.5 சதவீதச் சரிவு வேண்டும். 6 மீட்டர் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 60 முதல் 75 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. கொத்தனார் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்க்கும் ட்யூப் லெவல் போதும். பத்து மீட்டருக்கு ஓர் இடமாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஓரிரு இடத்தில் மட்டும் குறைந்தால் அங்கே மட்டும் சுரண்டி மட்டம் சரிசெய்யலாம். நெடுக இல்லையென்றால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை; அடுத்த முழு வேலையில் வாட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

வடிகாலே நிரம்பி நின்றால் அது சாலைப் பழுதன்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பருக்குள் ஒவ்வொரு சேம்பரையும் திறந்து மண்ணை அள்ளிவிட வேண்டும். அள்ளிய மண்ணை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவார்கள். முதல் மழையில் அது உள்ளேயே திரும்பிவிடும். அன்றைக்கே வண்டியில் ஏற்றினால்தான் கூலி கொடுப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: குழி

உடைந்து கிடக்கும் தார்த் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் நீங்கள் செய்யக்கூடிய சிறந்த சோதனை இது. அடிப்பக்கத்து ஜல்லி தார் உரிந்து, வெளுத்த கல்லாகத் தெரிந்தால், தண்ணீர் நீண்ட நாள் உள்ளே இருந்திருக்கிறது. துண்டு வட்டாகக் கழன்று, அடியில் புழுதி அப்பியிருந்தால், பழைய சாலையைப் பெருக்காமலும் ஒட்டுத்தார் தெளிக்காமலும் மேலே போட்டிருக்கிறார்கள். துண்டின் கனம் விரற்கடைக்கும் குறைவாக இருந்தால் காரணம் தேட வேண்டியதே இல்லை. குழியின் அடியில் சேறு இருந்தால் ஜல்லித் தளமே போய்விட்டது.

கோடையிலும் குழியின் அடி ஈரமாக இருந்தால் குடிநீர்க் குழாய்க் கசிவைச் சந்தேகியுங்கள். இரவு பதினொரு மணிக்குமேல் அந்தத் தெருவின் வால்வு திறந்திருக்கும்போது, மேல்தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைத்துவிட்டு அதிகாலையில் பாருங்கள். யாரும் புழங்காத நேரத்தில் மட்டம் கணிசமாக இறங்கியிருந்தால், முதலில் பிளம்பர், பிறகுதான் தார்.

குழியை அடைக்கும் முறை ஒன்றுதான், சுருக்குவழி இல்லை. உடைந்த விளிம்புக்கு வெளியே நல்ல தார் வரும்வரை, ஒரு சாண் தள்ளியாவது, செவ்வகமாக வெட்ட வேண்டும். பக்கங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். கிண்ணம் போலச் சரிந்திருந்தால் புதுத் தார் சக்கரத்தோடு கழன்று வந்துவிடும். ஈர மண்ணையும் தளர்ந்த ஜல்லியையும் முழுவதும் அள்ளுங்கள். அடித்தளம் நெகிழ்ந்திருந்தால் ஜல்லியும் தூளும் தண்ணீரும் கலந்த வெட்மிக்ஸ் போட்டு இறுக்குங்கள். அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் எமல்ஷன், அதாவது தண்ணீரோடு கலந்த ஒட்டுத்தார், தடவுங்கள். ஊற்றும்போது அது பழுப்பாக இருக்கும். தண்ணீர் பிரிந்து கறுப்பாக மாறும்வரை காத்திருக்க வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே கலவையைக் கொட்டும் ஆட்களை நிறுத்திவையுங்கள், அந்தச் சில நிமிடங்களில்தான் ஒட்டு பிடிக்கிறது. ஆழமான குழியை ஒரே கொட்டில் நிரப்பக் கூடாது. 75 மி.மீ.க்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் அதிர்வுத் தட்டு இயந்திரத்தால் இறுக்குங்கள். கடைசி அடுக்கு சாலையைவிட ஓரிரு நூல் உயர்ந்து முடியட்டும், வண்டி ஓடும்போது படிந்துவிடும். பழைய தாரும் புதிய தாரும் சந்திக்கும் கோட்டின்மேல் எமல்ஷன் பூசி மணல் தூவினால் தண்ணீர் நுழையாது.

மழைக்காலத்தின் நடுவில் குழி விழுந்தால், சூடாக்காமலே போடக்கூடிய, மூட்டையில் வரும் குளிர்கலவையைப் போட்டுச் சமாளியுங்கள். அது ஜனவரி வரைக்குமான ஏற்பாடுதான். கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். செங்கல் தூள் தண்ணீரை உறிஞ்சி, குழியைச் சுற்றியுள்ள நல்ல சாலையையும் கெடுக்கும். கம்பித் துண்டும் ஓட்டுச் சில்லும் இரு சக்கர வண்டியில் வருபவரைச் சாய்த்துவிடும்.

அறிகுறி: விரிசல்

முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாகப் பரவிய விரிசல் ஒரு வகை; தனிக்கோடாக ஓடும் விரிசல் இன்னொரு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலைத்தோல் விரிசல், அடித்தளம் எடை தாங்காமல் களைத்துவிட்டதைக் காட்டுகிறது. அதன்மேல் புதுத் தார் போட்டால் அதே கட்டங்கள் மேலே வந்துவிடும். அந்தப் பகுதியை வெட்டியெடுத்து ஜல்லித் தளத்திலிருந்து கட்ட வேண்டும். செலவு கூடுதல்தான். ஆனால் சாலை முழுவதற்கும் மேல்பூச்சு போடும் பணத்தில், கெட்ட பகுதிகளை மட்டும் அடியிலிருந்து கட்டிவிட முடிகிற குடியிருப்புகள் பல. அளந்து பார்த்தபின் முடிவெடுங்கள்.

சாலையின் நீளவாக்கில், ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி ஓடும் விரிசல், கோடையில் அகன்று மழையில் சுருங்கினால், மண்ணைப் பாருங்கள். கோவை, மதுரை, விருதுநகர், தூத்துக்குடி வட்டாரங்களின் கரிசல் மண் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். சென்னைச் சதுப்பை ஒட்டிய களிமண்ணும் இந்தக் குணம் உள்ளதுதான். இதில் சிமென்ட் குழம்பை ஊற்றினால் மறுகோடையில் பக்கத்தில் இன்னொரு கோடு பிளக்கும். வளைந்து கொடுக்கும் தார் அடைப்பான்தான் சரி. கூடவே ஓரத்து மண்ணின் ஈரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: செடிகளுக்குச் சாலையோரமாகத் தினமும் குழாய் பாய்ச்சுவதை நிறுத்துங்கள், ஓரத்தில் ஒரு மீட்டருக்காவது தளம் போடுங்கள். சாலையைப் புதிதாகக் கட்டும் வாய்ப்பு வந்தால், கரிசலை ஓரளவு தோண்டியெடுத்துவிட்டு ஊதாத மண் நிரப்பவோ, சுண்ணாம்பு கலந்து பதப்படுத்தவோ பொறியாளரிடம் கேளுங்கள்.

அறிகுறி: சக்கரம் ஓடும் தடத்தில் பள்ளம்

சாலையின் குறுக்கே நேரான கம்பு ஒன்றை வைத்தால் இரண்டு தடங்களிலும் அடியில் இடைவெளி தெரியும். கார்கள் இதைச் செய்வதில்லை. தண்ணீர் லாரி செய்கிறது.

12,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன்; வண்டியின் எடை தனி. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரும் சாலைச் சோதனை காட்டிய விதியை இன்றும் நம் நாட்டுச் சாலை வடிவமைப்பில் பயன்படுத்துகிறார்கள்: அச்சின் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. ஒரு காரின் அச்சில் முக்கால் டன் என்றும், நிரம்பிய லாரியின் பின் அச்சில் 10 டன் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு லாரி ஒரு முறை உள்ளே வருவது பல்லாயிரம் கார்கள் ஓடுவதற்குச் சமம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் கோடையில் தினமும் எத்தனை லாரிகள் வருகின்றன என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிக்கனமான தீர்வு சாலையில் இல்லை, குழாயில் இருக்கிறது. வாசலருகே ஒரு நிரப்புமுனை வைத்து, அங்கிருந்து நிலத்தடித் தொட்டிக்குக் குழாய் பதியுங்கள். மட்டம் ஒத்துவராவிட்டால் வாசலருகே ஒரு சிறு தொட்டியும் மோட்டாரும் தேவைப்படலாம். லாரி உள்ளே வராவிட்டால் சாலையின் ஆயுள் தானாகக் கூடுகிறது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் பாரவண்டி பின்னோக்கி வரும் ஆபத்தும் போய்விடுகிறது. அது முடியவே முடியாதென்றால், வாசலிலிருந்து தொட்டி வரைக்குமான தடத்தை மட்டும் கான்கிரீட் ஆக்குங்கள்.

வீடு கட்டுபவர்களின் ரெடிமிக்ஸ் வண்டியும் இதே கணக்கில் வரும். 6 கன மீட்டர் கான்கிரீட் என்றால் சரக்கு மட்டும் 14 டன்னுக்கு மேல். கட்டுமானம் தொடங்கும் முன்பே சாலையைப் புகைப்படம் எடுத்து, முன்பணம் வாங்கி வைப்பது பல சங்கங்களில் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பொதுக்குழுத் தீர்மானமாக எழுதிவைத்தால்தான் நிற்கும்.

அறிகுறி: ஓரம் உடைகிறது

சாலையோர மண் தாழ்ந்துபோய்த் தார் விளிம்புக்கு முட்டு இல்லாமல் போயிருக்கும்; சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு கடி. விளிம்பை நேராக வெட்டிச் சீராக்கிவிட்டு, ஓரத்தைக் கிராவலால் நிரப்பி இறுக்குங்கள், அல்லது கர்ப் கல் பதியுங்கள். கர்ப் கல் வைத்தால் தண்ணீர் வெளியேற இடைவெளி விட மறக்கக் கூடாது. ஓரத்தைச் சரிசெய்யப் போய்ச் சாலையைத் தொட்டியாக்கிவிட்ட இடங்கள் உண்டு.

அறிகுறி: ஜல்லி உதிர்கிறது, அல்லது தார் மினுமினுக்கிறது

பெருக்கும்போது சிறு ஜல்லி கூடை கூடையாக வந்தால் தார் போதவில்லை, அல்லது கலவை ஆறிப்போன பிறகு உருட்டியிருக்கிறார்கள். வி.ஜி.-30 என்ற ரகத் தாரில் செய்த கலவை பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். உதிர்வு தொடக்கத்திலேயே தெரிந்தால் மெல்லிய சீல் பூச்சு காப்பாற்றும். தாமதித்தால் அதுவே குழியாகும். ஜெனரேட்டர் பக்கத்திலும் வண்டி நிற்கும் இடங்களிலும் மட்டும் உதிர்ந்தால் டீசலும் எண்ணெயும் சொட்டித் தாரைக் கரைத்திருக்கின்றன. அந்த இடத்துக்குப் பேவர் பிளாக்கோ கான்கிரீட்டோதான் ஏற்றது.

வெயிலில் தார் கசிந்து மினுங்கினால் தார் அதிகமாகிவிட்டது. மழையில் வழுக்கும். சூடான நேரத்தில் கரடுமுரடான மணலைத் தூவி உருட்டுங்கள். தேவைப்பட்டால் மறுபடியும் செய்யுங்கள்.

பிளாஸ்டிக் கலந்த தாரைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது. சென்னையில் ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே போட்டார்கள். சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துகள்கள் படிந்த பிறகு தார் சேருவதால், தண்ணீர் தாரை எளிதில் உரிக்க முடிவதில்லை. நல்ல முறைதான். ஆனால் வாட்டம் இல்லாத சாலையை அதுவும் காப்பாற்றாது.

அறிகுறி: மேன்ஹோல் சுற்றிலும், குழாய் வெட்டிய தடத்திலும் இறக்கம்

வெட்டிய பள்ளத்தில் மண்ணை மொத்தமாகத் தள்ளி, மேலே மட்டும் உருட்டியிருப்பார்கள். மறுபடி திறந்து, 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாக நிரப்பி இறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. மேன்ஹோல் அருகில் ஒவ்வொரு மழைக்கும் இறக்கம் கூடிக்கொண்டே போனால் மூடியைத் திறந்து உள்சுவரைப் பாருங்கள். செங்கல் சுவரின் இடுக்கு வழியாக வெளி மண் உள்ளே கரைந்து ஓடிக்கொண்டிருக்கும். சுவரைப் பூசாமல் மேலே எத்தனை முறை நிரப்பினாலும் அந்த மண்ணும் சாக்கடைக்குத்தான் போகும். சாலை திடீரென உள்வாங்குவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது, ஆகையால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அறிகுறி: பேவர் பிளாக் ஆடுகிறது, இறங்குகிறது, விலகுகிறது

பேவர் பிளாக்கின் பெரிய நன்மை, கழற்றித் திரும்பப் போடலாம் என்பது. பழுது வந்த இடத்தில் ஐந்தாறு கற்களைக் கழற்றினால் காரணம் கண்முன்னே கிடக்கும்.

அடியில் உள்ள மணல் அடுக்கை முதலில் அளங்கள். 20 முதல் 40 மி.மீ. வரைதான் இருக்க வேண்டும். நான் பார்த்த மோசமான இறக்கங்களில் எல்லாம் அது நான்கு விரற்கடைக்கும் அதிகம். ஜல்லித் தளத்தின் மேடுபள்ளத்தை மணலாலேயே நிரவியிருந்தார்கள். மணல் எடை தாங்காது, நகரும். மணலை வாரியெடுத்துவிட்டு ஜல்லித் தளத்தின் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். மணலுக்குப் பதிலாகக் கிரஷர் தூசு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்த மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சக்கரம் ஏறும்போது சேறாக இடுக்கு வழியே பீச்சும்.

அடுத்து கல்லின் கனம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15658, குறைந்த போக்குவரத்துக்கு 60 மி.மீ., நடுத்தரத்துக்கு 80 மி.மீ. என்று வகுக்கிறது. லாரி வரும் பாதையில் 60 போட்டிருந்தால் கல் உடைவதில் வியப்பில்லை. கற்களை வரிசையாக அடுக்குவதைவிட, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பூட்டும் மீன்முள் அடுக்கு வண்டிப் பாதைக்கு நல்லது. பிரேக் போடும் இடங்களிலும் திருப்பங்களிலும் கல் நகராது.

கற்களுக்கு நடுவே இடைவெளி அகன்றுகொண்டே போனால் நடுவில் தேடாதீர்கள், ஓரத்துக்குப் போங்கள். ஓரக் கல் சாய்ந்திருக்கும், அல்லது கான்கிரீட் முட்டு இல்லாமல் மண்ணில் சும்மா நட்டிருப்பார்கள். ஓரத்தை நிறுத்திவிட்டு உள்ளே வாருங்கள். கடைசியில் இடுக்குகளில் நன்கு காய்ந்த நுண்மணலைப் பெருக்கி நிரப்பி, அதிர்வுத் தட்டு ஓட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். ஈர மணல் இடுக்கில் இறங்காது. இடுக்குகளைச் சிமென்டால் பூசச் சொல்பவர்களை அனுமதிக்காதீர்கள்: கல் வளைந்து கொடுப்பதும் நின்றுபோகும், மழைநீர் இறங்குவதும் நின்றுபோகும். இடுக்கில் புல் முளைத்தால் மேலே மண் படிந்திருக்கிறது. மருந்தைவிடப் பெருக்குமாறு போதும்.

அறிகுறி: கான்கிரீட்டில் விரிசல்

முடி போன்ற மெல்லிய கோடுகளை விட்டுவிடலாம். ஒரே துண்டாக வார்த்த கான்கிரீட் பலகையின் நடுவில் குறுக்கே முழுவதும் ஓடும் விரிசல் என்றால், பலகைகளைப் பிரிக்கும் இணைப்புகளின் இடைவெளியை அளங்கள். ஏறக்குறைய 4.5 மீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு விட்டிருந்தால், நாம் போடாத இணைப்பைக் கான்கிரீட் தானே போட்டுக்கொண்டிருக்கிறது. அதை இணைப்பாகவே ஏற்று, பள்ளம் வெட்டி, நெகிழும் அடைப்பான் நிரப்புங்கள். விரிசலின் இரு பக்கமும் மட்டம் மாறியிருந்தாலோ, வண்டி ஏறும்போது பலகை ஆடினாலோ அடியில் வெற்றிடம் இருக்கிறது. அது பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை. மேற்பரப்பு மாவாக உதிர்ந்தால் கலவையில் தண்ணீர் கூடியிருக்கிறது, அல்லது போட்டபின் ஈரமாக வைத்திருக்கும் நீராற்றலில் ஏமாற்றியிருக்கிறார்கள். புதுக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 14 நாட்கள் ஈரம் காட்டுங்கள்.

அறிகுறி: வேர் தூக்குகிறது

மரத்தை வெட்டும் தீர்மானத்துக்கு அவசரப்படாதீர்கள். மரத்தைச் சுற்றிக் கான்கிரீட் மூடியிருந்தால் வேர் தண்ணீர் தேடி மேலேதான் வரும். அடிமரத்தைச் சுற்றி அகலமாக மண்ணைத் திறந்துவிட்டு, அந்த இடத்துத் தாரை எடுத்துப் பேவர் பிளாக் போட்டால், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கழற்றிச் சரிசெய்துகொள்ளலாம். பருத்த வேர்களைச் சாலைக்காக வெட்டினால் அடுத்த புயலில் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

அறிகுறி: சாலை உயர்ந்து வீடுகள் தாழ்ந்துவிட்டன

மேலே மேலே தார் போட்டதன் விளைவு. பொதுச் சாலைகளில் இதைத் தடுக்க, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். தனியார் சாலைக்கும் அதே ஒழுங்கு வேண்டும். வேலை தொடங்கும் முன், யாரும் மாற்ற முடியாத ஓர் இடத்தில், மின்மாற்றி மேடையிலோ மதில் தூணிலோ, மட்டக் குறி இட்டு, ஒவ்வொரு வீட்டு வாசற்படியின் உயரத்தையும் அதிலிருந்து அளந்து எழுதுங்கள். முடிந்தபின் மீண்டும் அளங்கள். சுரண்டிய தார்த் துகளைக் கான்ட்ராக்டர் கொண்டுபோக விடாதீர்கள். சாலையோரம் நிரப்பி இறுக்க அது அருமையான பொருள்.

முழு வேலை கொடுக்கும்போது

மதிப்பீட்டில் "இறுகிய பின் தடிமன்" என்ற சொற்கள் இருக்க வேண்டும். பரப்பும்போது உள்ள தடிமன் உருட்டியபின் குறைந்துவிடும்.

தடிமனைச் சரிபார்க்க எடைச் சீட்டே போதும். 6 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம், 30 மி.மீ. தடிமன் என்றால் 18 கன மீட்டர். இறுகிய தார்க்கலவை கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 டன். ஆக 43 டன் வந்திருக்க வேண்டும். சீட்டுகளைக் கூட்டினால் 30 டன்தான் வருகிறதென்றால், உங்களுக்குக் கிடைத்த தடிமன் 21 மி.மீ. கூட இல்லை. ஒவ்வொரு லாரியின் சீட்டையும் வாசலிலேயே வாங்கிவைக்கக் காவலாளியிடம் சொல்லுங்கள். உலோகத் தண்டுள்ள வெப்பமானி ஒன்றும் அவர் கையில் இருக்கட்டும்.

வேலையைப் பிப்ரவரி முதல் மே வரைக்குள் முடியுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே, கேபிள், எரிவாயுக் குழாய், கழிவுநீர் இணைப்பு எது வெட்ட வேண்டியிருந்தாலும் இப்போதே வெட்டிக்கொள்ளுங்கள் என்று எல்லா வீடுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். தொகையில் ஒரு பங்கை அடுத்த வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்திவைக்கும் நிபந்தனையைப் பணி ஆணையிலேயே எழுதுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

"என் வீட்டு வாசலில் சாலை நன்றாகத்தானே இருக்கிறது, நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். கேட்பவரைக் கடிந்துகொள்ளாமல், மழையில் எடுத்த வீடியோவையும் மட்ட அளவுகளையும் கூட்டத்தில் போட்டுக் காட்டுங்கள். மேட்டிலுள்ள அவர் வீட்டுத் தண்ணீர் எந்தத் தெருவில் போய் நிற்கிறது என்பதை அவரே பார்ப்பார். மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் சாலைக்கென ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வந்தால், ஒரே நேரத்தில் பெரிய தொகை கேட்கும் நிலையும் வராது.

எல்லாம் முடிந்தபின், எந்தத் தெருவில் எந்தத் தேதியில் எந்தப் பழுது, அடியில் என்ன இருந்தது, எத்தனை மி.மீ. போட்டோம், யார் போட்டார் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி, மட்டக் குறி அளவுகளையும் எடைச் சீட்டு நகல்களையும் அதோடு கோத்து, அடுத்த நிர்வாகக் குழுவிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.